வெள்ளம் எந்த மாதம் வந்தது?

கேள்வி: எகிப்து, சுமேர் (இன்றைய தெற்கு ஈராக்) இரண்டும் ஆற்றங்கரை நாகரிகங்கள்தான். சுமேரிய வயல்கள் மட்டும் ஏன் உப்பேறிக் கெட்டன?

பதில்: ஆறு இருந்ததா என்பதைவிட, வெள்ளம் எந்த மாதம் வந்தது என்று பாருங்கள். எத்தியோப்பிய மலைகளில் பெய்யும் கோடை மழையால் அன்று நைல் ஜூலையில் ஏறத் தொடங்கும். அக்டோபர், நவம்பரில் வடிந்துவிடும். வடிந்த கையோடு ஈர வண்டலில் கோதுமையும் பார்லியும் விதைத்தார்கள். அடுத்த வெள்ளம் வருமுன் களமே காலியாகிவிடும். வயல்களைச் சுற்றி மண்கரை போட்டு, தண்ணீரை ஐந்தாறு வாரம் தேக்கி, பிறகு ஆற்றுக்கே திறந்துவிடுவார்கள். போகிற தண்ணீர் உப்பையும் கழுவிக்கொண்டு போகும்.

சுமேரின் ஆறுகளான யூப்ரடீஸும் டைகிரிஸும் அன்று இதற்கு நேர்மாறு. துருக்கி மலைப்பனி உருகி ஏப்ரல், மே மாதங்களில் வெள்ளம் வரும்போது வயலில் கதிர் முற்றி நிற்கும். விதைப்புக்குத் தண்ணீர் தேவைப்படும் அக்டோபரிலோ ஆறு மெலிந்து கிடக்கும். ஆகவே தடுக்கக் கரையும் வேண்டும், கொண்டுவர வாய்க்காலும் வேண்டும். வாய்க்காலில் வண்டல் படியும். வருடாவருடம் ஆள் திரட்டித் தூர்வாராவிட்டால் கடைமடை காய்ந்துவிடும்.

உப்புக்குக் காரணம் நிலத்தின் வாட்டம். யூப்ரடீஸ் தன் வண்டலாலேயே படுகையை உயர்த்திக்கொண்டு, சுற்றியுள்ள சமவெளியைவிட மேட்டில் ஓடுகிறது. மடையைத் திறந்தால் தண்ணீர் வயலுக்குச் சுலபமாக இறங்கும், திரும்பிப் போக வழியில்லை. நிலத்தடி நீர் மேலேறி, வெயிலில் ஆவியாகி, உப்பு வெள்ளையாகப் பூக்கும். நம் ஊர் உவர் நிலம்தான். கோதுமைக்கு உப்பு ஆகாது, பார்லி ஓரளவு தாங்கும். சுமேரில் பார்லியே மிஞ்சியது. ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் தரிசு போட்டால், ஆழ வேர்விடும் முட்செடிகள் ஈரத்தை உறிஞ்சி நீர்மட்டத்தை இறக்கும். அவசரப்பட்டுத் தரிசு போடாமல் விதைத்தால் உப்பு சீக்கிரம் ஏறும். அதற்காக, சுமேரை வீழ்த்தியது உப்பு மட்டுமே என்று சொல்வது மிகை.

கேள்வி: நைலில் எவ்வளவு வெள்ளம் வந்தால் நல்லது?

பதில்: ரோமானியரான பிளினி தந்த கணக்கு: 12 முழம் என்றால் பஞ்சம், 13 பசி, 14 மகிழ்ச்சி, 15 நிம்மதி, 16 கொண்டாட்டம். அதற்கும் மேலே போனால் வடியத் தாமதமாகி விதைப்பு தள்ளிப்போகும்.

கேள்வி: நைலில் எதிரோட்டத்தில் எப்படிப் படகு விட்டார்கள்?

பதில்: ஆறு வடக்கே ஓடுகிறது, காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்து வீசுகிறது. தெற்கே போகப் பாய் விரித்தால் போதும். வடக்கே வரப் பாயைச் சுருட்டிவிட்டு நீரோட்டத்தோடு வரலாம். எகிப்திய எழுத்திலும் தெற்குப் பயணத்துக்குப் பாய் விரித்த படகு, வடக்குக்குப் பாயில்லாப் படகு.