பாக்ஸிங்குக்கும் எம்எம்ஏவுக்கும் (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை) விளம்பரம் பண்றதுல ஏன் இவ்ளோ வித்தியாசம்?

சுருக்கமா சொன்னா பாக்ஸிங்ல ஆளை விக்கிறாங்க, எம்எம்ஏல கம்பெனி பேரை விக்கிறாங்க. எம்எம்ஏ நடத்துற பெரிய கம்பெனியான யுஎஃப்சில யாரு மோதுறாங்கன்னே தெரியாம "இன்னைக்கு யுஎஃப்சி இருக்கு"ன்னு டிவி போடுற ரசிகன் நிறைய, ஆனா பாக்ஸிங்ல புரமோட்டர் (ஃபைட்டை ஏற்பாடு பண்றவரு) பேருக்காக யாரு டிக்கெட் வாங்குறா?

காரணம் அமைப்புதான். பாக்ஸிங்ல ஒவ்வொரு புரமோட்டரும் தனிக்கடை, டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓன்னு நாலு சங்கம் தனித்தனியா குடுக்குற சாம்பியன் பெல்ட்டே நாலு, அதனால ரசிகன் கேக்குற ஃபைட் நடக்குறதுக்குள்ள தாவு தீந்துடும். மேவெதர், பாக்கியாவ்னு ரெண்டு பெரிய பாக்ஸருங்க மோதுற பேச்சு 2009லயே ஆரம்பிச்சும் ஃபைட் நடந்தது 2015 மே மாசம்தான், அதுக்கும் மேவெதர் ஷோடைம் சேனல், பாக்கியாவ் ஹெச்பிஓ சேனல்னு இருந்ததால ரெண்டு சேனலும் சேந்து ஒளிபரப்ப வேண்டியதாச்சு. ஆனா அத்தனை வருஷ இழுபறியே ஓசி விளம்பரம் ஆகி சுமார் 46 லட்சம் பே-பர்-வியூ (தனியா காசு கட்டி டிவில பாக்குறது) வித்துச்சு பாருங்க, அங்கதான் பாக்ஸிங்க அடிச்சுக்க ஆளில்ல.

யுஎஃப்சி ரூட்டே வேற. 2005ல 'தி அல்டிமேட் ஃபைட்டர்'னு ரியாலிட்டி ஷோ போட்டு ஃபைட்டருங்களை ஒரே வீட்ல தங்க வெச்சு சண்டை சச்சரவெல்லாம் காட்டுனாங்க, ஃபைனல்ல ஃபாரஸ்ட் கிரிஃபினும் ஸ்டீஃபன் பானரும் அடிச்சுக்கிட்ட அடியப் பாத்துட்டு தோத்த பானருக்கும் கான்ட்ராக்ட் குடுத்தாங்க. பெரும்பாலும் யாரோட யாரை மோத விடணும்னு முடிவு பண்றதும் அவங்களே, போஸ்டர் அடிக்கிறதும் அவங்களே. ஃபைட்டருக்குப் பேரம் பேசுற பலம் கம்மியாகுறது தனிக்கதை (புரமோட்டருங்க சுரண்டாம காப்பாத்துற அமெரிக்காவோட முகமது அலி சட்டம் பாக்ஸருக்கு மட்டும்தான்).