உச்சந்தலைக்கு இரண்டாவது நடவு: இப்போதே வேண்டுமா?

கேள்வி: எனக்கு 34 வயது. பதினான்கு மாதங்களுக்கு முன்பு முன்நெற்றியில் 2,400 கிராஃப்ட் (பிடரியிலிருந்து வேரோடு எடுத்து நடும் முடிக்கொத்து) வைத்து முடி மாற்று சிகிச்சை செய்துகொண்டேன். முன்பக்கம் பரவாயில்லை, ஆனால் நல்ல வெளிச்சத்தில் நின்றால் தோல் தெரிகிறது. இப்போது சுழியைச் சுற்றி வட்டமாக முடி குறைகிறது. “இன்னொரு 2,000 வைத்தால் சரியாகிவிடும்” என்கிறார்கள் கிளினிக்கில். அப்போது கொடுத்த மாத்திரையை மூன்று மாதம் சாப்பிட்டுவிட்டு நிறுத்திவிட்டேன். இரண்டாவது முறை செய்துகொள்ளலாமா?

பதில்: நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த மாத்திரை விஷயத்தில்தான் பாதி பதில் இருக்கிறது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஆண்களுக்கு வரும் பரம்பரை வழுக்கையில், டிஎச்டி என்ற ஹார்மோனுக்கு ஈடுகொடுக்க முடியாமல் முன்தலை, உச்சந்தலை வேர்க்கால்கள் வருடக்கணக்கில் மெல்ல மெல்லச் சுருங்குகின்றன. பிடரியிலும் காதுக்கு மேலும் உள்ள வேர்க்கால்கள் பெரும்பாலும் அதைத் தாங்கிக்கொள்ளும். இடம் மாற்றி நட்டாலும் அந்தக் குணம் கூடவே வரும் என்று அமெரிக்கத் தோல் மருத்துவர் நார்மன் ஓரென்ட்ரைக் 1959இல் எழுதினார்; இந்தச் சிகிச்சை முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. ஆக, நட்ட முடி பெரும்பாலும் தங்கிவிடும். அதன் நடுவிலும் பின்னாலும் நின்றிருந்த உங்கள் பழைய முடிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. மாத்திரை அதற்காகத்தான் கொடுக்கப்பட்டது; அது அனேகமாக டிஎச்டியைக் குறைக்கும் ஃபினாஸ்டிரைடாக இருக்கும். அறுவை சிகிச்சை வழுக்கையை நிறுத்துவதில்லை. விழுந்த இடத்தை நிரப்புகிறது, அவ்வளவுதான்.

சரி, முன்பக்கத்தில் ஏன் தோல் தெரிகிறது? ஒன்று, நட்டது சரியாகப் பிடிக்காமல் போயிருக்கலாம். அல்லது நன்றாகவே பிடித்தும், இடையிலிருந்த பழைய முடி கொட்டியிருக்கலாம். இரண்டும் இல்லாமல், அந்த அடர்த்திதான் எதிர்பார்க்கக்கூடியது என்றும் இருக்கலாம். இயற்கையில் ஒரு சதுர செ.மீ. தலைத்தோலில் சுமார் 70, 80 முடிக்கொத்துகள் இருக்கும். ஒரே தடவையில் நடுவது பொதுவாக 30 முதல் 45 வரை. பாதிதான் என்றாலும், சாதாரண வெளிச்சத்தில் கண்ணுக்கு நிறைவாகத் தெரிய அது போதும். தலைக்கு நேர்மேலே விளக்கு எரியும் குளியலறைக் கண்ணாடி முன்னால், ஈரத்தலையோடு நின்றால் யாருக்குமே தோல் தெரியும். அந்தக் கண்ணாடியை நம்பி முடிவெடுத்து வருகிறவர்கள் அதிகம்.

எது காரணம் என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. தோலின் மேல் வைத்துப் பார்க்கும் சின்ன உருப்பெருக்கியான டெர்மோஸ்கோப்பில், நட்ட முடிகள் ஒரே தடிமனில் கறுப்பாக நிற்கும். அவற்றுக்கு நடுவே பூனைமுடி போல மெலிந்த இழைகள் தெரிந்தால் பழைய முடி சுருங்குகிறது என்று அர்த்தம். மாத்திரையை நிறுத்திய உங்கள் விஷயத்தில் நான் எதிர்பார்ப்பது இதைத்தான். நட்ட இடத்திலேயே திட்டுத்திட்டாக வெறுமை இருந்து, முடி கிளம்பும் துளையைச் சுற்றிச் சிவப்பும் செதிலும் அரிப்பும் இருந்தால் கதை வேறு. லைக்கன் பிளானோபைலாரிஸ் போன்ற, வேர்க்காலைத் தழும்பாக்கிவிடும் நோய் இருக்கலாம். தோலில் துளி எடுத்து பயாப்ஸி பார்க்காமல் அங்கே மறுபடி ஒரு கிராஃப்ட்கூட வைக்கக் கூடாது.

நீங்கள் கேட்ட காலம் சரியானதுதான். நட்ட முடி முதல் சில வாரங்களில் கொட்டி, மூன்று நான்கு மாதத்தில் முளைத்து, ஒரு வருடத்தில்தான் முழுசாக நிற்கும். உச்சந்தலை என்றால் இன்னும் சில மாதம் பிடிக்கும். எட்டாவது மாதத்தில் எழுதியிருந்தால் பேசாமல் பொறுத்திருங்கள் என்று முடித்திருப்பேன்.

அடுத்தது கையிருப்பு. முடி எடுக்கும் பிடரிப் பகுதியை நாற்றங்கால் என்று நோயாளிகளிடம் சொல்வேன். ஒரு வித்தியாசம், நாற்றங்காலில் மறுபடி விதைக்கலாம், இங்கே முடியாது. எடுத்தது எடுத்ததுதான். தலைக்குத் தலை மாறும் என்றாலும், பின்பக்கம் ஓட்டை தெரியாமல் வாழ்நாள் முழுவதற்கும் எடுக்கக்கூடியது பலருக்கு 5,000, 6,000 கிராஃப்டைத் தாண்டாது. நீங்கள் 2,400 செலவழித்துவிட்டீர்கள். மீதம் சுமார் 3,000 என்று வையுங்கள். சுழியைச் சுற்றி 8 செ.மீ. விட்டத்தில் ஒரு வட்டம் என்றால் பரப்பு 50 சதுர செ.மீ. ஒரு சதுர செ.மீ.க்கு 35 வைத்தால் 1,750. மீதத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது.

அந்த வட்டம் அங்கேயே நிற்குமா? 34 வயதில் நிற்காது என்றே கணக்குப் போட வேண்டும். அது 12 செ.மீ. ஆனால் பரப்பு 113 சதுர செ.மீ. நட்ட முடி நடுவில் தீவு மாதிரி நிற்க, சுற்றிலும் மொட்டை வளையம் விழும். அதை நிரப்பக் கையில் மிஞ்சியது போதாது. முன்பக்க நடவுக்குப் பின்னால் பழைய முடி பின்வாங்கினால் அதற்கும் போதாது. நெற்றி முடி முகத்துக்குப் படச்சட்டம் மாதிரி. மற்றவர்கள் பார்ப்பது அதைத்தான். உச்சந்தலையில் முடி சுழன்று நாலாபக்கமும் பிரிவதால் ஒன்றின்மேல் ஒன்று படுத்து மறைப்பதும் குறைவு. ஆகவே அங்கே கிராஃப்ட் அதிகம் கேட்கும், பலன் கம்மி. இளம் வயதில் சுழிக்கு நடுவதை நான் தள்ளிப்போடச் சொல்வது இதனால்தான்.

ஃபினாஸ்டிரைடு மாத்திரை, தலையில் தடவும் மினாக்சிடில் இரண்டுமே நன்றாக வேலை செய்யும் இடம் அதே உச்சந்தலைதான். ஃபினாஸ்டிரைடு 1 மி.கி. மாத்திரைக்குப் பலன் தெரிய ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். மூன்று மாதத்தில் நிறுத்தியது, அடுப்பில் வைத்த அரிசி வேகவில்லை என்று பாதியில் இறக்கியதைப் போல. ஏன் நிறுத்தினீர்கள் என்று எழுதவில்லை. பாலியல் ஆர்வம் குறைவது, மனச்சோர்வு போன்ற பக்கவிளைவு வந்து நிறுத்தியிருந்தால் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஒரு சிலருக்கு அது வரத்தான் செய்கிறது. அப்படியானால் மினாக்சிடில் மட்டும் போதுமா என்று அவர் பார்க்கட்டும். மினாக்சிடில் போட ஆரம்பித்த முதல் வாரங்களில் முடி அதிகம் கொட்டலாம். பயந்து நிறுத்துகிறவர்கள் அங்கேதான் கோட்டைவிடுகிறார்கள். அப்புறம், ஃபினாஸ்டிரைடு சாப்பிடும்போது பிஎஸ்ஏ என்ற புராஸ்டேட் ரத்தப் பரிசோதனையின் அளவு ஏறக்குறைய பாதியாகக் காட்டும். பிற்காலத்தில் அதை எடுக்க நேர்ந்தால் இந்த மாத்திரையைப் பற்றிச் சொல்ல மறக்காதீர்கள்.

ஆகவே என் பதில்: இப்போது வேண்டாம். ஒரு வருடம் மருந்து, அதன் பிறகு பேச்சு. முடி உதிர்வு நின்றிருந்து, முன்பக்கம் மட்டும் இன்னும் மெல்லியதாகப் பட்டால் 500, 600 கிராஃப்டில் அடர்த்தி கூட்டிக்கொள்ளலாம். அதை நான் தடுக்க மாட்டேன். மருந்தே ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சுழியை அப்படியே விட்டுவிட்டு, முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்வதோ, தோலில் புள்ளிபுள்ளியாக நிறமேற்றிக்கொள்வதோ நல்ல வழி.

இன்னொரு 2,000 என்று சொன்னவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “எடுத்தபிறகு பிடரியில் எவ்வளவு மிஞ்சும்?” பிடரியை உருப்பெருக்கியில் எண்ணிப் பார்த்தவர்தான் இதற்கு ஓர் எண் சொல்ல முடியும். மெலிந்த முடி அங்கேயும் நிறைய இருந்தால், அங்கிருந்து எடுத்து நட்டதும் பின்னாளில் மெலியும். “அதெல்லாம் தாராளமாக இருக்கிறது” என்று மட்டும் பதில் வந்தால் வேறொரு தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்று ஒரு வேலை செய்யுங்கள். தலை காய்ந்திருக்கும்போது, ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்று, சுழியை யாரையாவது படமெடுக்கச் சொல்லுங்கள். தேதி போட்டு வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே ஜன்னல், அதே நேரம், அதே முடி நீளம். அடுத்த வருடம் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்தப் படங்களைக் கையோடு கொண்டுபோங்கள்.