பட்டமளிப்புக்குப் போகிறோம், எங்கே தங்குவது?

கேள்வி: என் மகள் ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் படித்து முடிக்கிறாள். ஜூன் கடைசியில் பட்டமளிப்பு விழா. நான், கணவர், முட்டி வலி உள்ள என் மாமியார் மூவரும் போகிறோம். அறை தேடினால் பாதி இடம் நிரம்பிவிட்டது, மீதி எங்களுக்குக் கட்டுப்படியாகாத விலை. நாங்கள் சைவம். என்ன செய்யலாம்?
- வாசகி, கோவை

பதில்: முதலில் மகளுக்கு வாழ்த்துகள். 1413-இல் முழு அந்தஸ்து பெற்ற பல்கலைக்கழகம் அது, ஸ்காட்லாந்திலேயே பழமையானது. ஊரோ ரொம்பச் சின்னது. நார்த் ஸ்ட்ரீட், மார்க்கெட் ஸ்ட்ரீட், சவுத் ஸ்ட்ரீட் என்ற மூன்று தெருக்களும் இடிந்த கதீட்ரலை நோக்கிப் போகின்றன, அவற்றை நடந்து பார்த்தாலே பழைய ஊர் முடிந்துவிடும். அந்தச் சின்ன ஊருக்குள் பட்டமளிப்பு வாரத்தில் உலகம் முழுவதிலிருந்தும் பெற்றோர் வந்து இறங்குகிறார்கள். கோல்ஃப் ஆட வருபவர்கள் வேறு. அறை கிடைக்காததில் ஆச்சரியமே இல்லை.

நான் முதலில் பார்க்கச் சொல்வது மாணவர் விடுதிகளை. கோடையில் அவை காலியாவதால் பல்கலைக்கழகமே வெளியாட்களுக்கு அறை கொடுக்கிறது. ஆடம்பரம் இருக்காது, சுத்தமாக இருக்கும். சமையலறை உள்ள விடுதி கிடைத்தால் சாதமும் ரசமும் நீங்களே வைத்துக்கொள்ளலாம். உங்கள் வாரத்தில் எந்த விடுதி திறந்திருக்கும் என்று மகளையே இன்றைக்கே விசாரிக்கச் சொல்லுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

அடுத்தது மர்ரே பார்க், மர்ரே பிளேஸ் தெருக்களில் வரிசையாக இருக்கும் கெஸ்ட் ஹவுஸ்கள். விழா நடக்கும் யங்கர் ஹால் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். ஆனால் அவை பழைய கல் வீடுகள், பலவற்றில் லிஃப்ட் கிடையாது, மாடிப்படியும் குறுகல். மாமியாருக்காகத் தரைத்தள அறை வேண்டும் என்று பணம் கட்டும் முன்பே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சைவம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் அவர்களுடைய காலைச் சாப்பாட்டில் பன்றி இறைச்சியும் சாசேஜும்தான் முக்கியம், முன்னாலேயே சொன்னால் பீன்ஸ், காளான், தக்காளி என்று மாற்றித் தருவார்கள். எத்தனை மணிக்கு வந்து சேருவீர்கள் என்பதையும் எழுதுங்கள். வரவேற்பு மேசையில் இரவெல்லாம் ஆள் இருக்காது.

இரண்டும் சரிப்படவில்லையா, டண்டீ நகரத்துக்குப் போய்விடுங்கள். லிஃப்ட் உள்ள பெரிய ஹோட்டல்கள் அங்கே உண்டு, 99-ஆம் எண் பேருந்து நேராக செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு வருகிறது. முட்டி வலியோடு வருபவருக்கு, ஊருக்குள்ளேயே இருக்க வேண்டுமென்று மூன்றாவது மாடி அறையை எடுப்பதைவிட இது எவ்வளவோ மேல். கடலோரத்துக் கிரெயில், ஆன்ஸ்ட்ரதர் கிராமங்கள் அழகுதான், ஆனால் கார் இல்லாதவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

அப்புறம், செயின்ட் ஆண்ட்ரூஸில் ரயில் நிலையம் இல்லை, 1969-இல் மூடிவிட்டார்கள். எடின்பரோவிலிருந்து ஒரு மணி நேரத்தில் லூக்கர்ஸில் இறங்கி, மீதி 8 கிலோமீட்டரைப் பேருந்திலோ டாக்சியிலோ வர வேண்டும். ஜூன் கடைசியில் சூரியன் மறையவே இரவு பத்து மணி ஆகும், ஆனாலும் கடல் காற்று குளிரும். பட்டுப்புடவைக்கு மேலே போட ஒரு கோட்டு அவசியம்.

கேள்வி: அதே ஊரில் ஒரு வீட்டை வாரக் கணக்கில் தருவதாக இணையத்தில் விளம்பரம். முன்பணம் கேட்கிறார்கள், நம்பலாமா?
- வாசகர், திருச்சி

பதில்: உரிம எண்ணைக் கேளுங்கள். ஸ்காட்லாந்தில் இப்படிக் குறுகிய காலத்துக்கு வீடு விடுபவர்கள் உள்ளாட்சியிடம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். ஏற்கெனவே தொழிலில் இருந்தவர்களும் 2023 அக்டோபர் 1-க்குள் இதற்கு விண்ணப்பித்திருக்க வேண்டும், விளம்பரத்திலேயே அந்த எண் இருக்க வேண்டும். செயின்ட் ஆண்ட்ரூஸ் ஃபைஃப் கவுன்சிலின் கீழ் வருகிறது, அவர்களுடைய பதிவேட்டில் முகவரியைச் சரிபாருங்கள். எண் கேட்டதும் மழுப்பினாலோ, பணத்தை நேராக வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னாலோ அந்த வீட்டை விட்டுவிடுங்கள்.