ஒரே ஆள் விவசாயி, வியாபாரி இரண்டுமாக இருந்தால்

வணக்கம் நண்பரே. கிருஷ்ணகிரி மாங்காய் மண்டி பில்லிங்குக்கு, பெர்ல் நிரல்மொழியின் மூஸ் என்ற ஆப்ஜெக்ட் அமைப்பில் விவசாயி, வியாபாரி என இரண்டு கிளாஸ் (தரவும் செயல்களும் சேர்ந்த வார்ப்பு). தோப்பும் வைத்து ஏலமும் எடுப்பவருக்காக ஒரு புதுக் கிளாஸில் இரண்டையும் ‘எக்ஸ்டெண்ட்ஸ்’ செய்ததும், அதாவது பெற்றோர் கிளாஸ்களாக்கியதும், கமிஷன் தப்பாக வருகிறது என்கிறீர்கள். இரண்டிலும் ‘கமிஷன்’ என்றே மெத்தட் (கிளாஸின் செயல்) இருந்தால், முதலில் எழுதிய பெற்றோருடையதுதான் ஓடும். எச்சரிக்கை வராது.

இரண்டையும் ரோலாக்கி (கிளாஸில் கலந்துகொள்ளும் மெத்தட் தொகுப்பு), ரோல்களைச் சேர்க்கும் ஒரே ‘வித்’ வரியில் சேருங்கள். பெயர் மோதினால் கிளாஸ் லோடு ஆகும்போதே பிழை காட்டி நின்றுவிடும். தனித்தனி ‘வித்’ எழுதாதீர்கள். அந்தச் சோதனையே நடக்காமல் முதல் ரோலின் மெத்தட் தங்கிவிடும், பழைய கதைதான். பிழை வந்ததும் கிளாஸில் ஒரு ‘கமிஷன்’ எழுதி அடைக்கவும் வேண்டாம். இவை வேறு வேறு கணக்குகள். விற்பனைக்_கமிஷன், கொள்முதல்_கமிஷன் என்று பெயரையே பிரியுங்கள்.

கிளாஸில் கட்டாயம் இருக்கவேண்டும் என்று ரோல் ‘ரிக்வயர்ஸ்’ மூலம் கேட்கும் மெத்தட் பெயர், பண்பை அறிவிக்கும் ‘ஹேஸ்’ வழியாக வந்தால், அந்த வரி ‘வித்’துக்கு மேலே இருக்கட்டும்.