பெயர் எடுத்த பள்ளிகள் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

போன வாரக் கட்டுரையில், நாமக்கல் பக்கத்துப் பெரிய ரெசிடென்ஷியல் பள்ளிகளின் புகழில் பாதி அட்மிஷன் நடக்கும் அறையிலேயே உருவாகிவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. என் அண்ணன் மகன் அப்படி ஒரு பள்ளியில்தான் பிளஸ் டூ முடித்தான். 2012இல் அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. எங்கள் குடும்பத்தின் முதல் டாக்டர் அவன். அண்ணனுக்குத் தென்னந்தோப்பை விட்டால் ஒன்றும் தெரியாது. அந்தப் பள்ளி இல்லாமல் இது நடந்திருக்குமா?

என் மகள் இந்த வருடம் பத்தாவதில் 462 எடுத்திருக்கிறாள். அதே பள்ளியில் இடம் தருகிறார்கள். ஹாஸ்டலோடு வருடத்துக்கு இரண்டு லட்சத்துக்குப் பக்கம் ஆகும். அவளுக்கோ உள்ளூர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் படிக்க ஆசை. அங்கே கெமிஸ்ட்ரி டீச்சர் அருமையாக நடத்துவார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் முதல் தவணை கட்ட வேண்டும். அந்தப் பள்ளிகளுக்கு அந்தப் பெயர் தகும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். தகாது என்றால் காரணம் சொல்லுங்கள்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தாராபுரம்

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. அண்ணன் மகன் டாக்டரானது சின்ன விஷயமில்லை, அதில் அந்தப் பள்ளியின் உழைப்பும் இருக்கிறது. அதை நான் மறுக்கவே மாட்டேன். 2009 முதல் மூன்று வருடம் அந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் கெமிஸ்ட்ரி ஆசிரியராக இருந்துவிட்டு, அப்புறம்தான் அரசுப் பள்ளிக்கு வந்தேன். உள்ளே இருந்து பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

அண்ணன் மகன் படித்த காலத்தை நினைத்துப் பாருங்கள். தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வு 2007இல் போய்விட்டது. அதற்கப்புறம் 2016 வரை மாநில ஒதுக்கீட்டில் டாக்டர் சீட்டைத் தீர்மானித்தது பிளஸ் டூ மார்க் மட்டும்தான். உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக மொத்தம் 200க்குக் கட் ஆஃப். கேள்விகளில் பெரும்பகுதி புத்தகத்தைத் தாண்டி வெளியே போகாது. அந்தப் பரீட்சைக்கு என்ன வேண்டும் என்பதை நாமக்கல் மற்ற ஊர்களுக்கு முன்னால் கண்டுபிடித்துவிட்டது. ஆசிரியர்கள் சிலர் கூட்டுச் சேர்ந்து முதல் போட்டு ஆரம்பித்த பள்ளிகள்கூட அங்கே உண்டு. காலை ஐந்து மணிக்கு ஸ்டடி, தினமும் டெஸ்ட், அன்றிரவே திருத்தின பேப்பர் பையன் கையில். ஒரு மார்க் கேள்விகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். லாரிப் பட்டறையில் வேலை பார்த்தவர் வீட்டிலிருந்தும் கோழிப்பண்ணை வைத்திருந்தவர் வீட்டிலிருந்தும் பிள்ளைகள் எம்.பி.பி.எஸ். போனார்கள். அந்தக் குடும்பங்களுக்கு வேறு யாரும் அதைச் செய்து தரவில்லை. அந்த அளவுக்கு அந்தப் பெயர் அவர்கள் உழைத்து வாங்கியதுதான்.

மற்ற பாதி எப்படி வந்தது என்று சொல்கிறேன். மே மாதம் பத்தாவது ரிசல்ட் வந்த மறுநாள், 480ஐத் தாண்டிய பிள்ளைகளின் பட்டியல் எங்கள் கைக்கு வரும். காரில் இரண்டிரண்டு ஆசிரியர்களாகக் கிளம்பி வீடு தேடிப் போவோம். ஃபீஸ் வேண்டாம், ஹாஸ்டலும் இலவசம் என்று பேசிக் கூட்டி வருவோம். இரண்டு வருடம் கழித்து பஸ் ஸ்டாண்ட் ஃப்ளெக்ஸில் சிரிப்பவர்கள் பெரும்பாலும் அந்தப் பிள்ளைகள்தான். அவர்கள் எங்கே படித்திருந்தாலும் நல்ல மார்க் எடுத்திருப்பார்கள். ஃபீஸ் கட்டிய 380, 400 மார்க் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதை எந்த ஃப்ளெக்ஸும் சொல்லாது.

ஒருவனுடைய கதை எனக்குத் தெரியும். பிளஸ் ஒன் முடிவில், தேற மாட்டார்கள் என்று முடிவு செய்த பிள்ளைகளின் பெற்றோரை வரச் சொல்வார்கள். வகுப்பாசிரியர் என்ற முறையில் நானும் அந்த அறையில் உட்கார்ந்திருந்தேன். முசிறிப் பக்கத்திலிருந்து ஒரு அப்பா வந்தார். ஃபீஸ் பாக்கிக்காகத்தான் கூப்பிட்டிருக்கிறோம் என்று நினைத்து, உட்காருவதற்கு முன்பே உள்பாக்கெட்டிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட பணத்தை எடுத்து மேஜையில் வைத்தார். பையனை வேறு பள்ளிக்குக் கூட்டிப் போகச் சொல்கிறோம் என்பது அவருக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. டிசியை நான்தான் நீட்டினேன். அடுத்த மே மாதம் எங்கள் விளம்பரத்தில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று போட்டோம். அந்தப் பையன் அந்தக் கணக்கில் இல்லை. இன்றைக்கும் எனக்கு அது மனசில் உறுத்துகிறது.

நல்ல பிள்ளைகளாகப் பொறுக்கி எடுத்துவிட்டு, வரும் மார்க்கைப் பள்ளியின் திறமை என்று சொல்வது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமில்லை. பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கும் பெரிய அரசுப் பள்ளிகள் உண்டு. அவற்றை வைத்து மூன்று பொருளாதார அறிஞர்கள் செய்த ஆய்வு 2014இல் வெளியானது. நுழைவுத் தேர்வில் மயிரிழையில் தாண்டி உள்ளே போனவர்களையும் மயிரிழையில் தவறவிட்டு வேறு பள்ளிக்குப் போனவர்களையும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒரே தரத்துப் பிள்ளைகள். பின்னால் எழுதிய பரீட்சைகளில் இவர்களுக்குள் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. உங்கள் அண்ணன் மகன் அந்தப் பள்ளி இல்லாமல் டாக்டராகியிருப்பானா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அவன் பத்தாவதில் எத்தனை எடுத்தான் என்று அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள்.

இனி உங்கள் மகள் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு உண்மையில் பயம் தருவது இதுதான். நான் அந்தப் பள்ளியில் சேர்ந்த ஜூன் மாதம், பிளஸ் ஒன் வகுப்பில் பிளஸ் டூ பாடத்தை ஆரம்பிக்கச் சொன்னார்கள். இரண்டு வருடமும் ஒரே பாடம்தான். ஹாஸ்டல் அறைகளில் பிளஸ் ஒன் கெமிஸ்ட்ரி புத்தகம் அலமாரியில் இருக்கும். மார்ச் மாதம் எடுத்துப் பிரித்தால்கூடப் புதுப் புத்தகத்தின் மை வாசம் அப்படியே அடிக்கும். பிளஸ் ஒன்னில் வரும் மோல் கணக்கு தெரியாத பையன் கெமிஸ்ட்ரியில் சென்டம் வாங்கியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இன்ஜினியரிங் முதல் வருடத்தில் அரியர் வைத்துவிட்டு எனக்குப் போன் செய்து அழுதவர்களில் பிளஸ் டூவில் அப்போதைய 1200க்கு 1150க்கு மேல் எடுத்தவர்களும் உண்டு.

2017இல் இரண்டு பெரிய மாற்றங்கள் வந்தன. அரசு ரேங்க் பட்டியல் வெளியிடுவதை நிறுத்தியது. பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்தது. அதே வருடம்தான் நம் பிள்ளைகள் நீட்டுக்குள் தள்ளப்பட்டார்கள். நீட்டில் ஏறக்குறைய பாதி பிளஸ் ஒன் பாடம். அந்தப் புத்தகத்தைத் திறக்காமல் டாக்டராகும் வழி அதோடு மூடிவிட்டது. நீட் சரியா என்று கேட்டால் சரியில்லை என்றுதான் சொல்வேன், அது தனிப் பேச்சு. இங்கே நான் சொல்ல வருவது, அண்ணன் மகனை ஏற்றிவிட்ட அந்தப் படிக்கட்டு இப்போது இல்லை என்பதுதான். பள்ளியின் பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது. பிளஸ் ஒன் பொதுத்தேர்வையும் 2025–26 முதல் எடுத்துவிட்டார்கள். பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஒரு பாரம் குறைந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பழைய பழக்கம் திரும்பிவிடுமோ என்ற கவலையும் இருக்கிறது.

அதனால் பணம் கட்டுவதற்கு முன் அந்தப் பள்ளிக்கு ஒருமுறை நேரில் போங்கள். இப்போது பிளஸ் டூ போகும் ஒரு பெண்ணின் போன வருடக் கெமிஸ்ட்ரி நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். அதில் என்ன பாடம் இருக்கிறது என்று உங்கள் மகளே பார்த்துச் சொல்லிவிடுவாள். பிளஸ் ஒன்னில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் அங்கேயே பிளஸ் டூ எழுதினார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் டாப்பர்களின் போட்டோவைக் காட்டினால் எழுந்து வந்துவிடலாம். முடிந்தால் லேபைத் திறக்கச் சொல்லி, ப்யூரெட்டின் திருகைத் தொட்டுப் பாருங்கள். மாதக்கணக்கில் யாரும் தொடாத திருகு இறுகிப் போயிருக்கும். நேர்மையாக நடத்தும் பள்ளிகளும் அந்தப் பக்கம் உண்டு, அவர்கள் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார்கள்.

அரசுப் பள்ளியையும் சும்மா நம்பிவிடாதீர்கள். அங்கே படிப்பு நின்றுபோவது காலிப் பணியிடத்தால். இயற்பியலுக்கும் கணக்குக்கும் ஆள் இருக்கிறார்களா, இந்த டிரான்ஸ்ஃபர் கவுன்சிலிங்கில் யாராவது போகிறார்களா என்று விசாரியுங்கள். ஒரு பாடத்துக்கு ஆள் இல்லாமல் ஆறு மாதம் ஓடிவிட்டால் ஈடுகட்டுவது கஷ்டம். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. உங்கள் மகள் இதுவரை எங்கே படித்தாள் என்று எழுதவில்லை. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி என்றால், இப்போது தனியாருக்கு மாற்றினால் அந்த உரிமை போய்விடும். பெரிய பள்ளியில் இதை யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள்.

462 எடுத்த பெண், ஒரு டீச்சர் நன்றாக நடத்துவார்கள் என்று தானே விசாரித்து வைத்திருக்கிறாள். எந்த விளம்பரத்தையும்விட அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். வெள்ளிக்கிழமைதானே கடைசி நாள்? புதன்கிழமைக்குள் அந்த டீச்சரைப் பார்த்துவிடுங்கள். மகளையும் கூட்டிப் போங்கள், பேச்சை அவளே ஆரம்பிக்கட்டும். என்ன முடிவு செய்தீர்கள் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்