வாசகர் கேள்வி-பதில்: கொற்கையை விட்டுக் கடல் போனதா?

கொற்கையில்தான் பாண்டியரின் முத்துத் துறைமுகம் இருந்தது என்கிறார்கள். போய்ப் பார்த்தால் வயலும் வாழையும்தான். கடற்கரை ஆறேழு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கடல் உள்வாங்கிவிட்டதா?
– ஒரு வாசகி, ஏரல்

அம்மா, உங்கள் கேள்வியைப் படித்ததும் எங்கள் தாத்தா வீட்டுக் கிணறு நினைவுக்கு வந்தது. அதுவும் உங்கள் பக்கம்தான். நான் ஆறாம் வகுப்பு முடித்த கோடையில் அதை ஆழப்படுத்தினார்கள். மேலே கறுப்புக் களிமண். அதைத் தாண்டியதும் சாம்பல் நிற மணல், மணல் முழுக்கச் சிப்பி. ஆச்சி பெரிய சிப்பியாக ஒன்றை எடுத்துக் கழுவி, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு வைத்துக்கொண்டார். "இங்கதான்டா கடல் கிடந்துச்சு" என்றார் தாத்தா. நான் ஜியாலஜி படித்ததற்கும், முப்பது வருடம் கல்லூரியில் அதைச் சொல்லிக் கொடுத்ததற்கும் அந்தக் கிணறுதான் தொடக்கம்.

கடல் அங்கே இருந்தது உண்மை. ஆனால் அது தானாக இறங்கிப் போகவில்லை, தாமிரபரணி அதைத் தள்ளியது. ஆறேழு கிலோமீட்டர் நிலம் வெளியே வரும் அளவுக்குக் கடல் மட்டம் குறைந்திருந்தால் அந்தக் குறைவு தூத்துக்குடியிலும் ராமேஸ்வரத்திலும் அதே காலத்தில் தெரிய வேண்டும். அப்படித் தெரியவில்லை. கரை நகர்ந்திருப்பது ஆற்று முகத்தில்தான். பொதிகையிலிருந்து வெள்ளம் கொண்டுவரும் வண்டலைக் கடலின் அலை வாங்கி, கரைக்கு முன்னால் நீளமான மணல் திட்டாகப் போடும். திட்டுக்கும் பழைய கரைக்கும் நடுவே தண்ணீர் தேங்கும். அதற்குப் பெயர் காயல். அடுத்தடுத்த வெள்ளத்தில் காயல் தூர்ந்து வயலாகும். பிறகு அதற்கும் முன்னால் இன்னொரு திட்டு. 2,000 வருடத்தில் 6 கிலோமீட்டர் என்று வைத்தால் வருடத்துக்கு 3 மீட்டர். ஒன்றரைக் கட்டில் நீளம், அவ்வளவுதான்.

ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: பழையகாயல், காயல்பட்டினம், புன்னைக்காயல். நம் ஆட்கள் நிலத்தின் வரலாற்றை ஊர்ப் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். கொற்கை தூர்ந்த பிறகு வணிகம் காயல் என்ற ஊருக்கு மாறியது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ புகழ்ந்து எழுதிய 'காயில்' அதுதான். பிறகு அந்தக் காயலும் கரையை இழந்து 'பழைய' காயல் ஆயிற்று. இன்று ஆறு கடலில் விழுவது புன்னைக்காயலில். போர்ச்சுகீசியர் காலத்தில் தூத்துக்குடி பெரிய துறையாக வளர்ந்தது. அது ஆற்று வாயை விட்டு விலகி நிற்கும் ஊர் என்பதைக் கவனியுங்கள்.

1870களில் கால்டுவெல் கொற்கையில் தோண்டிப் பார்த்தபோது அவரும் மண்ணுக்கு அடியில் கடல் சிப்பியைக் கண்டார். 1968–69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே அகழாய்வு செய்தது, கிடைத்த கரியின் காலமும் கணிக்கப்பட்டது. கி.மு. 785ஐ ஒட்டிய காலம் என்று வந்தது. அந்த நாளில் அங்கே மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கு அது சான்று. கரை எந்த வருடம் எங்கே நின்றது என்பதை அது தனியாகச் சொல்லாது. அதற்குக் குழாய் இறக்கி மண் எடுத்து, அடுக்கடுக்காகப் பார்க்க வேண்டும்: எது வரை கடல் மணல், எதிலிருந்து காயல் சேறு, எங்கே ஆற்று வண்டல் தொடங்குகிறது என்று.

ராமேஸ்வரம் தீவில், செத்த பவளப்பாறை தண்ணீருக்கு மேலே நிற்பதைப் பார்த்தேன். அப்படியானால் கடல் குறைந்தது என்பது சரிதானே?
– ஒரு வாசகர், ராமநாதபுரம்

சரிதான். ஆனால் கொற்கையின் கதை வேறு, இது வேறு; இது அதற்கு வெகு முன்னால் நடந்தது. பவளம் தண்ணீருக்கு வெளியே வாழாது. கடல் நன்றாக வற்றும்போதும் நனைந்தே இருக்கும் உயரம் வரைதான் வளரும். அது வளர்ந்த நிலையிலேயே, புரளாமல், இன்றைய நீருக்கு மேலே நின்றால் ஒன்று கடல் இறங்கியிருக்க வேண்டும், இல்லை நிலம் உயர்ந்திருக்க வேண்டும். சில பவளங்கள் தண்ணீரின் மேல்மட்டத்தை முட்டியதும், மேலே போக முடியாமல் பக்கவாட்டில் தோசை மாதிரி விரியும். அந்தத் தட்டையான தலை, கடல் தானே போட்டு வைத்த அளவுக்கோடு. இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

உங்கள் மாவட்டத்தின் மேடான பவளத்திட்டைப் பற்றி ஸ்டாடர்ட், கோபிநாத பிள்ளை என்ற இருவர் 1972இல் எழுதினார்கள். அவர்கள் கணித்த வயது ஏறக்குறைய 4,000 வருடம். அந்தக் காலத்தையொட்டி இந்தியப் பெருங்கடலின் வேறு பல கரைகளிலும் கடல் இன்றைக்கு இருப்பதைவிட ஒன்றிரண்டு மீட்டர் உயர நின்ற அடையாளம் உண்டு. அதனால் நிலம் மட்டும் எழும்பியது என்று சொல்லிவிட முடியாது.

ஏன் இறங்கியது? பனியுகத்தில் கனடாவையும் வட ஐரோப்பாவையும் பெரும் பனிப்பாளம் அழுத்திக்கொண்டிருந்தது. அந்த எடையில் அதன் அடியில் நிலம் அமிழ, சுற்றிலும் தரை புடைத்தது. பனி போனதும் அந்தப் புடைப்பு மெல்லத் தாழ்ந்தது. தாழ்ந்த கடல் தரையை நிரப்ப நம் பக்கத்துத் தண்ணீர் போயிற்று. கூடவே, பனி உருகிக் கடலில் புதிதாக ஏறிய நீரின் எடையில் கடலடி கொஞ்சம் அமிழ்ந்து, கரையோரம் கொஞ்சம் எழும்பியது. கனடாவில் உருகிய பனிக்குப் பாம்பனில் ஒரு பவளத் தலை சாட்சியாக நிற்கிறது என்பதை எத்தனை முறை வகுப்பில் சொன்னாலும் எனக்கு அலுத்ததில்லை.

குமரிக்கண்டம் உண்மையா, பொய்யா? ஒரே வரியில் பதில் வேண்டும்.
– ஒரு வாசகர், நாகர்கோவில்

ஒரே வரியில் சொன்னால் உங்களுக்கும் அநியாயம், கடலுக்கும் அநியாயம். சுமார் 20,000 வருடத்துக்கு முன்னால், பனி உச்சத்தில் இருந்தபோது, கடல் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டருக்கு மேல் தாழ்ந்திருந்தது. மேற்கிந்தியத் தீவான பார்படோஸில் கடலடியில் துளையிட்டு எடுத்த பவளத்திலிருந்து 1989இல் கிடைத்த கணக்கும் இதை ஒட்டியதே. அப்படியானால் குமரி முனைக்குத் தெற்கே உங்கள் மீனவர்கள் போகும் வாட்ஜ் பேங்க் என்ற ஆழம் குறைந்த கடல் பகுதியில் ஒரு பெரும்பங்கு அன்று காய்ந்த நிலம். பாக் நீரிணையும் நிலம். இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம், அந்த வழி அடைபட்டது ஏறக்குறைய 7,000, 8,000 வருடத்துக்கு முன்புதான். ஆனால் கரையை ஒட்டிய அந்த ஆழமில்லாத கடலடி மேடையைத் தாண்டினால் கடல் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழம். அங்கே மனிதர் காலத்தில் கண்டம் எதுவும் இருந்ததில்லை. மடகாஸ்கர் வரை நீளும் வரைபடங்களை நம்பாதீர்கள்.

கடல் ஊரைக் கொண்ட கதையை வெறும் கற்பனை என்று தள்ளவும் எனக்கு மனமில்லை. பனி உருகிய காலத்தில் சராசரியாக நூறு வருடத்துக்கு ஒரு மீட்டர் கடல் ஏறியது. சில சமயம் அதைப் போல நாலு மடங்கு. கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சரியும் தட்டைக் கரையில், ஒரு மீட்டர் ஏறினால் ஒரு கிலோமீட்டர் நிலம் போகும். தன் ஆயுளிலேயே ஒரு பாட்டி பார்த்திருப்பாள். அந்த நினைவுதான் நம் பழம்பாடல்களில் வந்திருக்கிறது என்று நிறுவ என்னிடம் எதுவும் இல்லை. கரையோர மக்கள் கண்டிருப்பார்கள் என்பது மட்டும் உறுதி.

மணலுக்கு வயது எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? நானும் ஏதாவது செய்யலாமா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவர், பழையகாயல்

தம்பி, மணல் கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது என்பதைக் கண்டுபிடிக்க முடியும். மண்ணுக்குள் புதைந்ததும் சுற்றியுள்ள கதிரியக்கத்தால் மணல் பரல் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றலைச் சேர்த்து வைக்கும். ஆய்வுக்கூடத்தில் ஒளி காட்டினால் அது மினுக்கென்று வெளியேறும். அந்த மினுக்கை அளந்து வயது சொல்வார்கள். அதனால் மாதிரி எடுக்கும்போது ஒரு துளி வெளிச்சம் படக்கூடாது. குதிரைமொழித் தேரியில் ஒருமுறை நாள் முழுக்கச் செம்மணலில் குழாய் அடித்து எடுத்தோம். என் மாணவன் ஒருவன் ஆசையில் ஒரு மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டான். அந்த மாதிரி போயிற்று. அவன் அழுதான். மறுநாள் இருவரும் போய் வேறொன்று எடுத்தோம்.

சிப்பிக்குக் கரிமக் கணக்கு: உயிர் போனதும் அதிலுள்ள கதிரியக்கக் கரிமம் குறைந்துகொண்டே வரும், மிச்சத்தை அளந்து வயது சொல்வார்கள். கடல் நீரில் பழைய கரிமம் கலந்திருப்பதால் சிப்பி தன் வயதை 400 வருடம் போலக் கூட்டிச் சொல்லும். அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

நீ செய்ய வேண்டியது இது. உங்கள் ஊரில் கிணறோ போரோ போடும்போது பக்கத்தில் நில். எத்தனை அடியில் களிமண் முடிந்தது, எத்தனை அடியில் சிப்பி வந்தது என்று எழுதிக்கொள். சிப்பியின் இரண்டு மூடியும் சேர்ந்தே இருந்தால் அது பெரும்பாலும் அங்கேயே வாழ்ந்து செத்தது. உடைந்து தனித்தனியாகக் கிடந்தால் அலை கொண்டு வந்து போட்டதாக இருக்கலாம். மூடியது கிடைத்தால் திறக்காதே. அப்படியே பையில் போட்டு, ஆழம் எழுதி ஒட்டி, பத்திரிகை முகவரிக்கு அனுப்பு.