ரோமியோவின் ஊழும் அவன் எடுத்த முடிவுகளும்

வணக்கம். ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ ஜூலியட்’ நாடகத்தின் முன்னுரைப் பாடலே காதலரின் மரணத்தை அறிவித்துவிடுவதால், அங்கே மனித விருப்பத்துக்கு இடமில்லை என்று கட்டுரையில் வாதிடலாமா எனக் கேட்டிருந்தீர்கள். அவ்வாறு எழுத வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன். மூன்றாம் அங்கத்தின் முதற்காட்சியை மீண்டும் படித்துப் பாருங்கள். ஜூலியட்டின் உறவினன் டைபால்ட் சண்டைக்கு அழைக்கும்போது ரோமியோ மறுக்கிறான். தன் நண்பன் மெர்குஷியோ டைபால்ட்டின் கையால் இறந்த பின்னர், இனிச் சினமே தன்னை வழிநடத்தட்டும் என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டு வாளெடுக்கிறான். டைபால்ட் வீழ்ந்த பிறகுதான் தன்னை ஊழின் விளையாட்டுப் பொருள் என்று புலம்புகிறான். சற்று முன்பு மறுக்க முடிந்தவனுக்கு அப்போதும் மறுக்க முடிந்திருக்கும் அல்லவா?

கொள்ளைநோய் அச்சத்தால் துறவி ஜான் அடைத்துவைக்கப்பட்டு, ஜூலியட்டின் சாவு வெறும் நடிப்பே என்று தெரிவிக்கும் கடிதம் ரோமியோ இருந்த மாண்டுவா நகருக்குச் சேராமற்போனது தற்செயல்தான். அதை ஒப்புக்கொண்டே எழுதுங்கள். ஆனால் ஜூலியட்டுக்கு வேறொருவனுடன் நிச்சயித்த திருமணத்தை வியாழனிலிருந்து புதனுக்கு முன்தள்ளியவர் அவளுடைய தந்தை கபுலெட். இந்நாடகத்துக்கு மூலமான ஆர்தர் புரூக்கின் 1562ஆம் ஆண்டுக் கவிதையில் பல மாதங்கள் நீண்ட கதையை ஷேக்ஸ்பியர் சில நாள்களுக்குள் அடக்கியதால், அந்த மனித அவசரமே நாடகத்தின் மூச்சாகிவிட்டது. உங்கள் வாதத்தை அங்கிருந்து தொடங்கலாம்.